இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்

டீச்சர் வந்தது உச்சி வெயில் நேரம். தெருவில் கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். ஆனால் அந்தப் பழைய கட்டிடத்தின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளி, கீழ்த்தளத்துக்கு இறங்கும் படியில் கால் வைத்தால் போதும், வெயிலும் வண்டிச் சத்தமும் சட்டென்று அறுந்துபோகும். இறங்க இறங்க இருட்டு. கடைசிப் படியில் பஞ்சு ஒட்டிய கனத்த கதவு. அதற்குள் சவுண்டக்காவின் ஒலிப்பதிவுக் கூடம்.

சவுண்டக்கா என்று எல்லோரும் கூப்பிடுவதற்கு ரெண்டு காரணம் உண்டு. ஒலிப்பதிவு அவள் தொழில். அவள் வாயைத் திறந்தால் மேலே தெருப்பக்கத்துத் தையல்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார், அது ரெண்டாவது காரணம். பயம் என்ன விலை என்று கேட்கிற ஆள். அப்படிப்பட்டவளே இன்றைக்கு அந்தக் கூடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"உட்காருங்க டீச்சர். தண்ணி வேணுமா?"

டீச்சர் வேண்டாம் என்று கையசைத்தாள். முப்பதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. கழுத்தில் ஒரு பருத்தித் துணி. பேசியபோது குரல் சல்லடையில் மணல் சலிக்கிற மாதிரி வந்தது.

"நாளைக்குக் காலைல ஆபரேஷன். குரல்வளையை எடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் எனக்குப் பேச்சு கிடையாது. பொண்ணு ரொம்பச் சின்னவ, இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கவே வரல. அவளுக்காகக் கொஞ்சம் பேசி வச்சுடணும்."

"செஞ்சுடலாம். என்ன பேசப் போறீங்க? கதையா, பாட்டா?"

"கதை புத்தகத்துல இருக்கு. பாட்டு யார் வேணா பாடுவாங்க. நான் திட்டப் போறேன்."

"என்னது?"

"அவளை நான் திட்டற மாதிரி வேற யாராலயும் திட்ட முடியாது அக்கா. பல் தேய்க்கலைன்னா ஒரு திட்டு. பொய் சொன்னா ஒரு திட்டு. பரீட்சைல கோட்டை விட்டா ஒண்ணு. பெரியவளாகி எவனையாவது நம்பி அழுதுட்டு வந்து நின்னா ஒண்ணு. கடைசில தூங்க வைக்கறதுக்கு ஒண்ணு. அது மட்டும் திட்டு இல்ல."

சவுண்டக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்ப்யூட்டரைத் திட்டினாள். "இந்த எழவு பாருங்க, காலைலதான் பெருக்கினேன், மறுபடியும் சிவப்பு காட்டுது."

டிஸ்க்கில் இடமில்லை என்பதற்குத்தான் அந்தச் சிவப்பு. கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பாதி வேலையை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டுமே, அதற்காகத் தானாகவே சில கோப்புகளை உண்டாக்கிக்கொள்ளும். சமையல் முடிகிற வரை மேடையில் கிடக்கிற கிண்ணங்கள் மாதிரி. வேலை முடிந்து சேமித்துவிட்டால் அவை கழுவிக் கவிழ்க்க வேண்டியவை. கழுவாமல் விட்டால் மேடை நிரம்பிவிடும். சவுண்டக்கா அதற்கு வைத்த பெயர் டெம்ப் குப்பை. காலையில் வந்ததும் முதலில் அறையைப் பெருக்குவாள், அப்புறம் டெம்ப் குப்பையைப் பெருக்குவாள். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழி என்றால் எல்லாம் போய்விடும். ஒன்றே ஒன்று மட்டும் போகாது. 'இந்தக் கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்று ஒரு பெட்டி எழும்பும். அதில் 'தவிர்' என்று ஒரு பொத்தான். அதைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். தினமும் தவிர், தினமும் டீ. பயன்பாட்டில் என்றால் யாருடைய பயன்பாட்டில் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கூடமும் கம்ப்யூட்டரும் அவளுக்கு வெண்கலம் சாரின் சொந்தக்காரர்களிடமிருந்து வந்தவை. வெண்கலம் என்பது அவருடைய தொண்டைக்குக் கிடைத்த பட்டம். அறிவிப்பாளர். ரயில் தாமதம் என்று அவர் சொன்னால், சண்டைக்கு வந்தவன்கூட நின்று கேட்டுவிட்டுப் போவான். அந்தக் குரலைத் தவிர மனுஷனுக்கு உலகத்தில் வேறொன்றும் இல்லை. தன் மைக்குக்கு முன்னால் வேறு யாரையும் உட்காரவிட மாட்டார். எச்சில் பட்டுவிடும் என்பார். உள்ளறையில், அதாவது மைக் இருக்கும் அந்தக் கண்ணாடி அறையில், படித்துக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது. தூக்கிக்கொண்டு போனவர்கள் விளக்கை அணைத்தார்கள், கதவைப் பூட்டினார்கள். கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை.

தொட மாட்டார்கள். இந்தத் தொழிலில் ஓடுகிற மெஷினை யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் உள்ளே சத்தத்தைப் பிடித்துக் கொடுக்கும் ஒலி அட்டை மறுபடி எழுந்திருக்குமோ, படுத்தேவிடுமோ என்று பயம். திரையை மட்டும் அணைப்பார்கள். ஆள் மாறினால், முன்னால் உட்கார்ந்தவரின் கணக்கை மூடாமல், அதற்கு மேலேயே தன் பெயரில் உள்ளே போய்க்கொள்வார்கள். சவுண்டக்காவும் வந்த நாளிலேயே அப்படித்தான் தன் பெயரைப் போட்டுக்கொண்டாள். அடியில் வெண்கலம் சாரின் கணக்கு திறந்தபடியே கிடந்தது.

சரி, குப்பையைக் கூட்டினாள். அதே பெட்டி. தவிர். இடம் கிடைத்தது.

டீச்சர் உள்ளறைக்குப் போய் மைக் முன்னால் உட்கார்ந்தாள். கதவு பஞ்சுச் சத்தத்தோடு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்டக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கைகாட்டினாள்.

"ஏய், பல் தேச்சியா? என்கிட்ட இளிக்காத, பிரஷ் காஞ்சு கிடக்கு. நான் பார்த்துட்டேன். ஓடு. ஓடுன்னா ஓடணும், பூனை மாதிரி பதுங்கக் கூடாது. முடிச்சாச்சா? ஊது பார்ப்போம். ம்ம், இப்ப வா கண்ணு, அம்மா மடில உட்காரு."

சவுண்டக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் திரை சிவந்தது. டிஸ்க் நிறைந்துவிட்டது. பதிவு நின்றது.

இப்போதுதானே கூட்டினோம்?

மறுபடி கூட்டினாள். தவிர். மறுபடி பதிவு. இந்தத் தடவை டீச்சர் ரெண்டு வாக்கியம் பேசுவதற்குள்ளேயே நிறைந்துவிட்டது. எடுத்தவரைக்கும் என்ன இருக்கிறது என்று முதல் பதிவை ஓடவிட்டுக் கேட்டாள். பல், பிரஷ், பூனை எல்லாம் இருந்தது. "ம்ம், இப்ப" என்றதுக்கு அப்புறம் ஒரு பள்ளம். "அம்மா மடில உட்காரு" என்று தொடர்ந்தது. நடுவில் "வா கண்ணு" இல்லை. சத்தம் குறைந்து போனது மாதிரி இல்லை. கத்தரித்து எடுத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கிராம்பு போட்ட இருமல் மிட்டாய். சவுண்டக்கா மிட்டாய் சாப்பிடுவதில்லை.

ஹெட்போனில் டீச்சரின் குரல் மெல்ல வந்தது. "அக்கா, உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"பக்கம் புரட்டற சத்தம் கேக்குது. என் கைல காகிதமே இல்ல."

சவுண்டக்கா கண்ணாடி வழியே பார்த்தாள். மைக், நாற்காலி, டீச்சர். அவ்வளவுதான். பின்சுவரின் கறுப்புப் பஞ்சுக்கும் நாற்காலிக்கும் நடுவில் மட்டும் இருட்டு கொஞ்சம் தடிப்பாக இருந்தது.

அழிக்க முடியாத அந்தக் கோப்பைத் திறந்து கேட்டால் என்ன? இத்தனை நாள் தோன்றாதது அப்போது தோன்றியது. அழுத்தினாள்.

முதலில் வெறும் அறை. காலி அறைக்கும் ஒரு சத்தம் உண்டு, அது அவளுக்குத் தெரியும்.

பிறகு மூச்சு.

பிறகு ஒரு பக்கம் புரளும் சத்தம். தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். ஊரே கேட்டு வளர்ந்த அந்தக் குரல், தெளிவாக, நிதானமாக ஒரு சொல் சொன்னது.

"மீண்டும்."

அதன் பின்னால் டீச்சரின் குரல்: "வா கண்ணு."

"வா கண்ணு," என்றது வெண்கலக் குரல்.

"மீண்டும். வா கண்ணு." கொஞ்சம் மெலிந்திருந்தது.

"மீண்டும். வா கண்ணு."

மூன்றாவது தடவை அது ஆண் குரலாகவே இல்லை.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள் சவுண்டக்கா. உள்ளறைக் கதவைத் திறந்து, "டீச்சர், எழுந்து வாங்க. இன்னிக்கு வேண்டாம். வேற எங்கயாவது, இன்னொரு நாள்..." என்றாள். குரல் நடுங்கியது. தன் குரல் நடுங்கி அவளே கேட்டதில்லை.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு நாளா? எனக்கு ஏது அக்கா இன்னொரு நாள்?"

"உள்ள வெண்கலம் சார் இருக்கார் டீச்சர். செத்துப்போனவர். உங்க வார்த்தையை எடுத்துக்கறார். எடுத்துப் பழகிப் பாக்கறார்."

டீச்சரின் முகம் வெளுத்தது. கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது. பயந்துவிட்டாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சில பேருக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள், அந்தத் தடித்த இருட்டைப் பார்த்து.

"எழுந்திரு," என்றாள். பிசிறிய குரல்தான். ஆனால் வகுப்பறைக் குரல். "அடுத்தவன் டிபன் பாக்ஸைத் திறந்து தின்கிற பசங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். பெரிய குரல்காரனா இருந்தா உன் வரைக்கும். உனக்கு ஆயுசு முழுக்கப் பேசக் கிடைச்சுது. எனக்கு இன்னிக்குச் சாயந்தரம் வரைக்கும்தான் இருக்கு. அதுலயும் கை வைப்பியா? வெட்கமா இல்ல? போய்ச் சுவரைப் பாத்து நில்லு."

பக்கம் புரளும் சத்தம் நின்றது.

சவுண்டக்காவின் முதுகு நிமிர்ந்தது. தொண்டை போகப்போகிற ஒருத்தி இவ்வளவு சவுண்டு விடும்போது, சவுண்டக்கா என்று பெயர் வைத்துக்கொண்டு நாம் ஓடுவதா? "நீங்க பேசிட்டே இருங்க டீச்சர். வாயை மூடாதீங்க. நான் அந்தாளோட வேரைப் பாக்கறேன்."

கம்ப்யூட்டரில் ஆள் மாறும் திரைக்குப் போனாள். அவள் பெயருக்குக் கீழே வெண்கலம் சாரின் படம், வாயைத் திறந்து சிரித்தபடி. தட்டினாள். கடவுச்சொல்லைக்கூடக் கேட்கவில்லை. திறந்தது.

அங்கே பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் செத்த அன்று யாரும் நிறுத்தாத பதிவு. சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஒலி அலை திரையில் துள்ளித் துள்ளி எழுந்தது. டீச்சர் பேசும்போது மட்டும் அல்ல, அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோதும்.

சவுண்டக்கா நிறுத்து பொத்தானை அழுத்தினாள். 'சேமிக்கவா?' என்று கேட்டது.

விளக்குகள் அணைந்தன.

கீழ்த்தளத்து இருட்டு எப்படி என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியாது. திரை வெளிச்சம் மட்டும். கிராம்பு வாசனை மூக்குக்குப் பக்கத்தில். அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவில் யாரோ குனிந்து திரையைப் படிக்கிற மாதிரி ஒரு குளிர்.

"சேமி," என்றது குரல். கெஞ்சலாக.

உள்ளறையிலிருந்து டீச்சர் பேசிக்கொண்டே இருந்தாள். பொய் சொன்னால் திட்டும் திட்டு. இருட்டில், ஒரு எழுத்து பிசகாமல்.

"உயிரோட இருந்தப்பவும் ஒருத்தரை உட்காரவிடல, செத்தும் விடமாட்டியா?" என்றாள் சவுண்டக்கா. "இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்கற ஜென்மம்!" 'வேண்டாம்' என்ற பொத்தானை ஓங்கி அழுத்தினாள்.

விளக்கு வந்தது. வாசனை போனது. டிஸ்க்கில் அவள் வந்த நாளிலிருந்து பார்க்காத அளவுக்கு இடம், பொட்டல் வெளி மாதிரி.

சாயந்தரம் வரை பதிவு நடந்தது. காணாமல் போன சொற்களையும் டீச்சர் மறுபடி பேசிக் கொடுத்தாள். பரீட்சைத் திட்டு, காதல் திட்டு, கல்யாணம் வேண்டாம் என்றால் ஒன்று, வேண்டும் என்றால் ஒன்று. கடைசியாகத் தூங்க வைக்கும் பேச்சு. அதைப் பேசும்போது குரல் நூலாகத் தேய்ந்து, கடைசி வார்த்தைக்கு வெறும் காற்றுதான் வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்டக்கா அழுதாள், மறைக்கவில்லை. ரெண்டு பென் டிரைவில் போட்டு, ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்டுச் சரிபார்த்து, டீச்சர் கையில் வைத்து மூடினாள்.

ஆனால் பழக்கம் விடுமா? வீட்டுக்குக் கிளம்பும்போது வழக்கம்போலத் திரையை மட்டும் அணைத்தாள். வெண்கலம் சாரின் கணக்கை மூடவில்லை. மெஷினை நிறுத்தவில்லை.

அப்புறம் சில வாரங்கள் டிஸ்க் அமைதியாக இருந்தது. ஒருநாள் காலையில் சவுண்டக்கா வந்தபோது மறுபடி சிவப்பு.

இந்தத் தடவை அவள் தவிர்க்கவில்லை. ஒலி அட்டை செத்தால் சாகட்டும் என்று, முதல் முறையாகக் கம்ப்யூட்டரை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டாள். திரையில் ஒரு பெட்டி வந்தது.

'இந்தக் கம்ப்யூட்டரை இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது நிறுத்தினால் அவர் சேமிக்காத வேலை அழிந்துபோகும்.'

அதைப் படித்து முடிப்பதற்குள் பின்னால் கதவு திறந்தது. டீச்சர் நின்றிருந்தாள். இன்னும் மெலிந்திருந்தாள், ஆனால் கண்ணில் பழைய திமிர் அப்படியே இருந்தது. கழுத்துத் துணிக்குக் கீழே மூச்சு போய்வரும் ஓட்டை லேசாகச் சீறியது. ஒரு கையில் எழுதிக் காட்டும் சிலேட்டு. இன்னொரு கையில், ரெட்டைப் பின்னல் போட்ட பாப்பா.

"அத்தை," என்றது பாப்பா, வந்ததும் வராததுமாக, "அம்மாவோட குரலை இங்கதான் கழட்டி வச்சாங்களா? நான் பாக்கணும்."

டீச்சர் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: 'ஒரே நச்சரிப்பு. பார்த்துவிட்டுப் போகிறோம்.'

"இன்னிக்கு வேண்டாம் டீச்சர்," என்றாள் சவுண்டக்கா. "மேல போலாம். மேல போய் டீ..."

"வா கண்ணு."

உள்ளறையிலிருந்து வந்தது. டீச்சரின் குரல். நோய் வருவதற்கு முந்தைய குரல், மணல் இல்லாமல், பிசிறில்லாமல்.

பாப்பாவின் முகம் பூத்துவிட்டது. "அம்மா!"

அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். உள்ளறைக் கதவு அதுவாகவே கொஞ்சம் திறந்துகொண்டது.

டீச்சர் கத்தினாள். கத்தத்தான் செய்தாள், வாய் அகலத் திறந்தது, நரம்பு புடைத்தது. கழுத்து ஓட்டை வழியே காற்று மட்டும் புஸ்ஸென்று போனது. பெற்ற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல் ஒரு தாய் வாயைத் திறந்துகொண்டு ஓடியதைச் சவுண்டக்கா சாகும்வரை மறக்கமாட்டாள்.

"பாப்பா, போகாத! அது அம்மா இல்ல!" சவுண்டக்கா போட்ட கூச்சல் பஞ்சுச் சுவரில் புதைந்துபோனது.

"வா கண்ணு. வா கண்ணு. அம்மா மடில உட்காரு. வா கண்ணு."

பாப்பா வாசலில் ஒரு காலை வைத்தாள். உள்ளே ஒரே இருட்டு. கிராம்பு வாசனை வெளியே வழிந்தது.

நின்றாள்.

தலையைச் சாய்த்துக் கேட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நீ எங்க அம்மா இல்ல."

குரல் நின்றது.

"எங்க அம்மா ரெண்டாவது தடவை இப்படிக் கொஞ்ச மாட்டாங்க," என்றாள் பாப்பா. "முதுகுல ஒண்ணு வைக்கவான்னு கேப்பாங்க. எங்க அம்மா குரல் எங்க வீட்ல இருக்கு. நான் தினம் திட்டு வாங்கறேன். நீ திருடன்!"

டீச்சர் பாய்ந்து பிள்ளையை அள்ளினாள். அதே நொடியில் கதவு அறைந்து மூடிக்கொண்டது, அது பிடித்தது காற்றைத்தான். சவுண்டக்கா மேஜைக்கு அடியில் பூந்து, கம்ப்யூட்டரின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திரையில் அந்தப் பெட்டி கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தது. "அழியட்டும்டா உன் வேலை!" என்று கத்தினாள். எல்லாம் அணைந்தது. மூவரும் படியேறித் தெருவுக்கு வந்து விழுந்தார்கள்.

வெயில். வண்டிகள். தையல் மெஷினின் கடகட. சவுண்டக்காவுக்கு உலகமே அழகாகத் தெரிந்தது.

அப்போது கீழேயிருந்து, பிடுங்கிப்போட்ட மெஷின் மட்டும் இருக்கும் அந்த இருட்டிலிருந்து, ஒரு குரல் படியேறி வந்தது.

"மீண்டும். நீ எங்க அம்மா இல்ல."

பாப்பாவின் மழலை. கொஞ்சம் தடித்து இருந்தது.

"மீண்டும். நீ எங்க அம்மா இல்ல."

இப்போது தடிப்பு குறைந்திருந்தது.

பாப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையை நீட்டிச் சவுண்டக்காவின் வாயையும் பொத்தினாள். ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்து அழுத்திக் காட்டினாள். பேசினால் அவனுக்குத் தீனி. பிறகு பிள்ளையையும் சிலேட்டையும் சவுண்டக்காவின் மடியில் தள்ளிவிட்டு எழுந்தாள்.

சவுண்டக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. கீழே இருப்பவனுக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாத ஆள் இந்தத் தெருவிலேயே டீச்சர் ஒருத்திதான்.

தையல்காரரின் வாசலில் இருந்த இரும்பு இஸ்திரிப் பெட்டியை டீச்சர் கேட்காமலேயே எடுத்தாள். கரி கொட்டி ஆறிப்போயிருந்தது, நல்ல கனம். படியில் இறங்கினாள். செருப்புச் சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது. பிறகு கதவு திறக்கும் சத்தம்.

கீழே பல குரல்கள் எழுந்தன. பாப்பாவின் குரலில் அழுகை. டீச்சரின் குரலில் கெஞ்சல். வெண்கலக் குரலில் ஒரு அதட்டல். அத்தனைக்கும் டீச்சரிடம் இருந்து ஒரு பதிலும் இல்லை. எப்படி வரும்?

அப்புறம் இரும்பு விழும் சத்தம். ஒரு தடவை இல்லை, அவளுக்குக் கை ஓய்கிற வரை. தகரம் நசுங்கியது, கண்ணாடி சிதறியது. பாப்பா சவுண்டக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, அசையாமல் இருந்தாள்.

சத்தம் ஓய்ந்தது.

நெடுநேரம் யாரும் வரவில்லை. சவுண்டக்கா எழுந்து இறங்கப் பார்த்தபோது, படியில் டீச்சரின் தலை தெரிந்தது. முடியெல்லாம் பஞ்சுத் துகள். கையில் கீறல், ரத்தம். மறு கையில் நசுங்கிப்போன டிஸ்க், அப்பளம் மாதிரி. அதைத் தெருவில் போட்டுச் செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தாள். சிலேட்டை வாங்கி எழுதினாள்.

'பையனைப் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சுட்டேன்.'

படித்ததும் சவுண்டக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "போனாப் போகுது கழுதை, கூடம்தானே டீச்சர். பூட்டி சாவியைச் சாக்கடைல போடறேன்," என்றாள். பாப்பாவும் கெக்கெக்கென்று சிரித்தாள். அதைப் பார்த்து டீச்சரும் சிரித்தாள். வாய் விரிந்து, தோள் குலுங்கி, கண்ணில் நீர் வர, சத்தமே இல்லாத சிரிப்பு.

கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

டீச்சரின் சிரிப்பு. அவள் தோள் குலுங்கும்போது குலுங்கி, அவள் மூச்சு வாங்கும்போது மூச்சு வாங்கி, ஒரு இம்மி பிசகாமல்.

டீச்சர் வாயை மூடினாள். சிரிப்பும் நின்றது.

 அன்றைக்குச் சாயந்தரம் வரை நடந்த பதிவு சவுண்டக்காவின் மனதில் ஓடியது. திட்டினாள், அதட்டினாள், தாலாட்டினாள். டீச்சர் அந்த அறையில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. வீட்டில் இருக்கிற ரெண்டு பென் டிரைவிலும் அது கிடையாது.

பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். எட்டி அம்மாவின் காதில், கீழே கேட்காத அளவுக்கு ரகசியமாகச் சொன்னாள்.

"அம்மா, இது நிஜமாவே உங்க சிரிப்பு."

டீச்சர் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். சவுண்டக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள், வாங்க போயிடலாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். டீச்சர் கையை விடுவித்துக்கொண்டு படி முனைக்குப் போய் நின்றாள். கீழே இருட்டை நேருக்கு நேர் பார்த்தாள். ஓடு என்றால் ஓடவேண்டும், நில் என்றால் நிற்கவேண்டும் என்று வகுப்பைப் பார்க்கிற பார்வை.

பிறகு, மகளுக்காக, வேண்டுமென்றே வாயை அகலத் திறந்து, இன்னொரு தடவை சிரித்தாள்.